ஃப்ரீவீலில் வண்டி மசை

என் பாப்பாவுக்கு,

உன்னை இன்னும் பாப்பா என்று கூப்பிட்டால் உனக்குக் கோபம் வரும். தொழிற்சாலைக்குள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் குழாயும் கையுமாக நிற்பவளை யாராவது பாப்பா என்பார்களா? நான் என்பேன். நீ கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போன அன்றே உன் கையில் கொடுத்திருக்க வேண்டிய கடிதம் இது. அன்றைக்கு என் வாயில் வந்ததெல்லாம் தண்ணியைக் காய்ச்சிக் குடி, லாரி வந்தா எறங்கி ஓரமா நில்லு, ராத்திரி ஷிஃப்டு கேட்டா முடியாதுன்னு சொல்லு, இவ்வளவுதான். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே அனுப்பிவிட்டேன். இப்போது தாமதமாக எழுதுகிறேன். எழுதுவதோடு நிற்காமல் ஒரு பத்திரிகைக்கும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். வயசுக்கு வந்த பெண்ணை வெளியே அனுப்பிவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிற அம்மாக்கள் நம் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்களும் படிக்கட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ கும்மிடிப்பூண்டியிலிருந்து சைக்கிளில் வந்தபோது, தோட்டத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, செயினைத் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னாய். "எங்க ரூம்ல இருக்கிற பொண்ணு கேட்டாம்மா, இதெல்லாம் உனக்கு யாருடி சொல்லிக் குடுத்தாங்கன்னு. எங்கம்மாவோட பயம்தான் சொல்லிக் குடுத்துச்சின்னேன்." சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். பக்கத்தில் கட்டிலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த உன் பெரியப்பாவுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கடலைத் தோல் என்று நினைத்து நீ சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாய். அது கடலைத் தோல் இல்லை, கண்ணு. அந்த இருமலுக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. பத்து வருஷத்துக்கும் மேலாக எனக்கும் அவருக்கும் மட்டுமே தெரிந்த கதை. அது எனக்குத் தெரியும் என்பது அவருக்கே போன வாரம்தான் தெரியும்.

நான் பயந்தவள்தான். பௌதிகம் படித்து, உராய்வைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதி வகுப்பில் முதலாவதாக வந்தவள்; ஆனால் ஒரு இயந்திரத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டதில்லை. கல்லூரிக்குப் போவதற்காக என் அப்பா வாங்கிக் கொடுத்த லேடீஸ் சைக்கிள், கல்யாணத்தின்போது பாத்திரம் பண்டத்தோடு இந்த வீட்டுக்கு வந்தது. இந்த வீட்டில் மருமகள் சைக்கிள் ஓட்டுகிற வழக்கம் இல்லை என்று அதை மாட்டுக்கொட்டகை விட்டத்தில் கயிறு போட்டுத் தொங்கவிட்டார்கள். தினம் சாணி அள்ளும்போது தலைக்கு மேலே அது தொங்கும். முதல் வருஷம் நிமிர்ந்து பார்த்தேன். அப்புறம் பார்ப்பதை விட்டுவிட்டேன். நீ பிறந்தாய், உனக்கு ஜுரம் வந்தால் பயம், வராவிட்டாலும் ஏன் இவ்வளவு நாளாக வரவில்லை என்று பயம். உன் நைனா விடியற்காலை ரயிலில் திருவொற்றியூர் ஃபேக்டரிக்குப் போனால் விளக்கு வைத்த பிறகுதான் வருவார். பகல் முழுக்க நானும் நீயும் என் பயமும்தான்.

நீ எட்டாவது முடித்தாய். நம் ஊரில் அதோடு பள்ளிக்கூடம் சரி. உயர்நிலைப் பள்ளி பொன்னேரியில். பஸ் நம் ஊருக்கு வராது. ரயிலில் போகலாம் என்றால் ஸ்டேஷனுக்கே பாதி வழி நடக்க வேண்டும், ரயிலும் பள்ளி நேரத்துக்கு இல்லை. நிலம் நீச்சு, வரவு செலவு, நல்லது கெட்டது எல்லாம் பெரியப்பா வார்த்தைதான். அன்று சாயங்காலம் அவர் முன்னால் பேச்சு வந்தது. நீ பக்கத்து வீட்டு வாசலில் பாண்டி ஆடிக்கொண்டிருந்தாய்.

"எட்டாவது போறாதா? நம்ம ஊட்டுப் பொண்ணுங்க எது அதுக்கு மேல பட்ச்சிது?" என்றார்.

"அண்ணே, இவ பட்ச்சிருக்காளே" என்று உன் நைனா என்னைக் காட்டினார்.

"பட்ச்சி இன்னா பண்ணா? பல்லி கத்துனாக்கூட பயந்துக்கினு குந்திக்கினு இருக்கா."

உன் நைனாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு எங்கிருந்து துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. "விட்டத்துல தொங்குற சைக்கிளை எறக்கிக் குடுங்க மாமா. அவ போய்ட்டு வந்துடுவா" என்றேன்.  அதற்கு அவர் சொன்னதை ஒரு எழுத்துக் குறையாமல் எழுதுகிறேன். "போவட்டும். ஆனா நடு வழில வண்டி பேஜாரு பண்ணி, ஒரே ஒரு நாளு, எவனாவது நம்ம பொண்ணைக் கொண்டாந்து ஊட்டாண்ட உட்டான்னு வை, அன்னியோட ஸ்கூலு முடிஞ்சிது. அப்பால நீ அழுதுக்கினு வந்து என் முன்னாடி நிக்கக்கூடாது."

இதை உன்னிடம் நான் சொன்னதே இல்லை. உன் நைனாவையும் சொல்லவிடவில்லை. பயத்தைச் சுமந்துகொண்டு நடப்பதே எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதைக் கேரியரில் கட்டிக்கொண்டு எதிர்காற்றில் எப்படி மிதிப்பது? கேரியரில் உன் புத்தகப் பை போதும். பயத்தை வீட்டில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று முடிவு செய்தேன். உன் படிப்பு இனிமேல் உன் மூளையில் மட்டும் இல்லை, அந்த இரண்டு சக்கரத்திலும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கவரைப்பேட்டை சைக்கிள் கடைக்கு அனுப்பி, முழுக்கப் பிரித்து ஓவராயில் பண்ணலாம் என்றால் அதற்கும் பெரியப்பா ஒப்பவில்லை. நம் வீட்டு லேடீஸ் சைக்கிள் கடை வாசலில் நாலு பேர் பார்க்க நிற்கக்கூடாதாம். சரி, நாமே பண்ணுவோம் என்று உன் நைனா வாங்கி வந்த ஸ்பேனர்களோடு தோட்டத்தில் உட்கார்ந்தேன். முதல் நாள் நடந்தது உனக்கு நினைவிருக்கும். முன் சக்கரத்தைக் கழற்றி, அச்சின் கோனை, அதுதான் அந்தக் கூம்பு நட்டை, திருகி எடுத்ததும், உள்ளே இருந்த பால்ரஸ் குண்டுகள் மழைத்துளி மாதிரி தரையில் கொட்டின. நான் குனிவதற்குள் கோழிகள் ஓடிவந்துவிட்டன. சோளம் என்று நினைத்தனவோ என்னவோ, அந்தச் சிவப்புக் கோழி லபக்கென்று ஒன்றை விழுங்கியது. நீ அதைத் துரத்திக்கொண்டு வைக்கோல் போரைச் சுற்றிச் சுற்றி ஓடினாய். உன் பெரியப்பா களத்திலிருந்து, "இன்னா, சைக்கிளு முட்டை போடப் போவுதா?" என்று கத்தினார். அன்றிலிருந்துதான் நம் வீட்டில் பால்ரஸைக் கழற்றினால் முறத்தில் பழைய புடவைத் துணியை விரித்து அதன் மேல்தான் கழற்றுவது. உன் ரூம் தோழி முறத்தைப் பார்த்து அது எதற்கு என்று கேட்டால், அந்தக் கோழியைச் சொல்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் நாம் இருவரும் உட்கார்ந்தோம். துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் தேய்க்கிற பிரஷ்ஷால் கண்ணி கண்ணியாகத் தேய்த்து, வெயிலில் காயவைத்து, அப்புறம் தையல் மிஷின் எண்ணெயை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு. ஊற்றக்கூடாது. எண்ணெய் வேண்டியது கண்ணிக்கு உள்ளேதான். வெளியே வழிந்து நின்றால் ரோட்டு மண் அத்தனையும் வந்து ஒட்டிக்கொண்டு உப்புத்தாள் மாதிரி இரும்பையே தேய்த்துவிடும். அதனால் போட்ட கையோடு மேலே துணியால் துடைத்துவிடு. இப்போது நீ இருக்கிற இடத்தில் லாரிகள் கிளப்புகிற புழுதிக்கு இதை நீ வாரம் தவறாமல் செய்ய வேண்டும். அச்சின் கோனை இறுக்கும்போது முழுக்க இறுக்கிவிட்டு, பிறகு ஒரு மயிரிழை தளர்த்து. இறுகினால் சக்கரம் ஓடாது, தளர்ந்தால் ஆடும். சரியாக இருக்கிறதா என்று பார்க்க, சக்கரத்தைத் தூக்கி மெல்ல ஒரு தள்ளு தள்ளிவிட்டுக் கையை எடுத்துவிடு. காற்றடிக்கிற வால்வு இருக்கும் பக்கம் கனம் என்பதால், அது கீழே வந்து, தொட்டில் மாதிரி அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஆடி ஆடி நிற்க வேண்டும். சட்டென்று நின்றால் எங்கேயோ பிடிக்கிறது. கல்லூரியில் எனக்குச் சொல்லிக் கொடுத்த உராய்வு அதுதான். அந்தச் சக்கரம் முதல்முறை அப்படி ஆடி நின்றபோதுதான் நான் அதைப் படித்து முடித்தேன்.

நீ போக ஆரம்பித்தாய். எனக்குச் சாயங்கால வேலை ஒன்று புதிதாகச் சேர்ந்தது: கேட்பது. ஏரிக்கரைச் சரிவில் நீ மிதிப்பதை நிறுத்திவிட்டு இறங்குவாய் இல்லையா, அப்போது பின் சக்கரத்துப் பல்வட்டம், அந்த ஃப்ரீவீல், டிக் டிக் டிக் என்று சத்தம் போடும். அது கேட்டதும் எனக்கு மூச்சு வரும். உலையில் அரிசி போடுவேன். நீ பத்தாவதுக்கு வந்தாய். ஒரு நாள்கூட யாரும் உன்னைக் கொண்டுவந்து விடவில்லை.  அந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் பெரியப்பா ஒரு காரியம் செய்தார். ஏர், மண்வெட்டி, பம்புசெட், மாட்டு வண்டி எல்லாவற்றையும் கழுவி வைத்த வரிசையில் உன் சைக்கிளைத் தானே தள்ளிக்கொண்டுபோய் நிறுத்தினார். "இதுவும் நம்ம ஊட்டு வண்டிதானே" என்றார். மணிக்குச் சந்தனம், விளக்குக்குக் குங்குமம், ஹேண்டில்பாரில் சாமந்தி. நான் சுண்டல் தாளிக்க உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தபோது, சைக்கிளுக்குப் பின்னாலிருந்து எழுந்து துண்டில் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார். விரல் கன்னங்கரேல் என்று இருந்தது. மாட்டு வண்டி அச்சுக்கு மசை போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். வைக்கோலைக் கரித்து விளக்கெண்ணெயில் குழைத்து அவரே செய்கிற மசை. ஒரு தடவை போட்டால் வண்டி திருத்தணிவரை போய் வரும் என்று பெருமையடிப்பார்.

அதற்கப்புறம் ஃப்ரீவீல் சத்தம் மெல்ல மெல்ல மந்தமானது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இன்னும் குறைந்தது. பயந்தவள் எப்படி ஏமாறுவாள் தெரியுமா? அமைதியைக் கண்டால் சந்தோஷப்பட்டுவிடுவாள். எண்ணெய் நன்றாகச் சேர்ந்திருக்கிறது, அதனால்தான் சத்தமில்லாமல் ஓடுகிறது என்று நானும் நினைத்தேன். நினைவில் வைத்துக்கொள்: மற்ற இடங்களில் சத்தம் வந்தால் பார்க்க வேண்டும், ஃப்ரீவீலில் மட்டும் சத்தம் நின்றால் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கிற சின்ன நாக்குகள் பற்களில் விழுந்து எழும் சத்தம் அது. நாக்கு ஒட்டிக்கொண்டால் சத்தம் வராது, அப்புறம் சக்கரத்தையும் பிடிக்காது.

மார்கழி. அரையாண்டுப் பரீட்சை. நல்ல பனி. நீ போய் ஒரு மணி நேரம் இருக்கும். வைக்கோல் ஏற்றப்போன வண்டிக்காரர் ஒருவர் களத்தில் வண்டியை நிறுத்திப் பெரியப்பாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"இன்னாண்ணே, உங்க ஊட்டுப் பொண்ணு ரயில்வே கேட்டாண்ட சைக்கிளைப் படுக்கப் போட்டுக்கினு குந்திக்கினு இருக்குது. பெடலு சும்மா சுத்துதாம், வண்டி நவுரல. ஏறிக்கோ கண்ணு, ஊட்டாண்ட உட்டுடறேன்னேன். மாட்டேன்னுட்சி. பரிச்சையாம்."

பெரியப்பா என்னைப் பார்த்தார். ஜெயித்த முகமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அப்படி இல்லை. பதறிய முகம். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்தார். "நான் போய் இட்டாந்துடறேன்" என்று கிளம்பினார். நான் நடுவாசலில் போய் நின்றேன். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து அவர் வழியில் நான் நின்றது அதுதான் முதல் தடவை.

"போவாதீங்க மாமா."

"இன்னா?"

"நீங்க போய்க் கூட்டியாந்தா பரிச்சை போச்சி. நீங்க சொன்ன வார்த்தையும் இருக்குது. அவளே வருவா."

"வண்டி படுத்துக்கினு கெடக்குதுன்றான்!"

"படுத்ததை எழுப்ப அவளுக்குத் தெரியும்."

சட்டையும் கையுமாக நின்று கேட்டார்: "உனக்குப் பயமா இல்ல?"

"உயிரே போவுது" என்றேன். "ஆனா போவாதீங்க."

சட்டையைத் திரும்ப ஆணியில் மாட்டினார். போய் மாட்டு வண்டி நுகத்தடியில் உட்கார்ந்தார், ரோட்டைப் பார்த்தபடி. மத்தியானம் சோறு போட்டேன், பிசைந்தார், எழுந்துவிட்டார். நான் தட்டே எடுக்கவில்லை. வெயில் சாய்ந்தது. நான் ஏரிக்கரைப் பக்கம் காதை வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தவர், சட்டென்று எழுந்து கிணற்றுப் பக்கம் போனார். ஓடிக்கொண்டிருந்த பம்புசெட் நின்றது. திரும்பி வந்து, யாரிடமோ சொல்வதுபோல, "இந்தச் சனியன் சத்தத்துல ஒண்ணும் கேக்க மாட்டேன்னுது" என்றார்.

கேட்டது. டிக் டிக் டிக் டிக். முதல் நாள் மாதிரி, கணீரென்று. சரிவில் நீ காலை எடுத்துவிட்டு, பின்னல் பறக்க இறங்கி வந்தாய். பாவாடை முழுக்கக் கறுப்பு. என்னைத் தாண்டிக்கொண்டு போய் "பசிக்குதும்மா" என்றாய். அவ்வளவுதான். பெரியப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்; காட்டி முடித்த மாட்டுக்கே இன்னொரு தடவை காட்டினார்.

சாப்பிடும்போது நீ கதை சொன்னாய். பெடல் காற்றில் மிதிக்கிற மாதிரி சுற்றியதும், ஃப்ரீவீலில் நாக்கு ஒட்டிக்கொண்டது என்று உனக்குத் தெரிந்துவிட்டது. கேட் வீட்டில் போய் மண்ணெண்ணெய் கேட்டாய். "இது ரயில்வே விளக்கு எண்ணெய் பாப்பா, கேள்வி கேப்பாங்க" என்றாராம் கேட் காவலர். "உன் விளக்கு என்னிக்கு ஒழுங்கா எரிஞ்சிது? பொண்ணுக்குக் குடுய்யா" என்று அவர் சம்சாரம் ஒரு கொட்டாங்கச்சி நிறைய ஊற்றிக் கொடுத்தாளாம். சைக்கிளைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு, ஃப்ரீவீல் இடுக்கில் ஊற்றி ஊற்றி, பின்பக்கமாகச் சுற்றிச் சுற்றி, கறுப்பாக வழிந்து வழிந்து, கடைசியில் ஒரு டிக். அப்புறம் இன்னொரு டிக். பரீட்சைக்குக் கால் மணி நேரம் தாமதமாகப் போய், எல்லாக் கேள்வியும் எழுதிவிட்டாய். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ரசம் கைவழியே வழிய, கோபமாகச் சொன்னாய்: "எவனோ அறிவு கெட்டவன் ஃப்ரீவீலுக்குள்ள வண்டி மசையைத் திணிச்சி வெச்சிருக்கான் பெரிப்பா! அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்!"

பெரியப்பாவுக்குப் புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வரும்வரை இருமினார். நான் சொம்பை நகர்த்தி வைத்தேன். அந்தக் கறுப்பு விரல் எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அவர் என்னைப் பார்த்தார். நான் ரசச் சட்டியைப் பார்த்தேன். தன்னிடம் இருந்ததிலேயே நல்லதை உன் சைக்கிளுக்குப் போட்டிருந்தார், பாப்பா. மாட்டு வண்டிக்கு எது உசத்தியோ அது உனக்கும் உசத்தி என்று நினைத்துவிட்டார். நிபந்தனை போட்ட அதே கைதான், அன்பு மிஞ்சிப்போய் உன் வண்டியை நிறுத்தவும் பார்த்தது. மறுநாள் பொன்னேரியிலிருந்து ஒரு டின் மிஷின் ஆயில் வாங்கி வந்து என் முன்னால் வைத்துவிட்டு, "அதுக்கு இன்னா மருந்தோ, நீயே போடு" என்று போய்விட்டார். அதற்கடுத்த ஆயுத பூஜையிலிருந்து உன் சைக்கிளுக்கு மணி மேல் மட்டும் ஒரு பொட்டு. கவனித்திருப்பாய், காரணம் தெரிந்திருக்காது.

இந்தக் கடிதம் எழுதப்போகிறேன் என்று போன வாரம் அவரிடமே கேட்டேன். "மசைக் கதையும் வரும் மாமா" என்றேன். கடலையை மென்றுகொண்டே கேட்டார்: "உனக்கு அப்பவே தெரியுமா?" "தெரியும்." "எழுது. அறிவு கெட்டவன்னு சொன்னாளே, அதையும் உடாம எழுது. சரியாத்தான் சொன்னா" என்றார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். போன ஞாயிறு நீ சாப்பிட்டுத் தூங்கினாயே, அப்போது நீ துடைத்து வைத்த சைக்கிளை எடுத்துக்கொண்டு ஏரிக்கரைவரை போய் வந்தேன். எண்ணெய் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் என்று யாராவது கேட்டால் சொல்லலாம் என்றிருந்தேன். யாரும் கேட்கவில்லை. சரிவில் காலை எடுத்துவிட்டு இறங்கினேன். இத்தனை வருஷம் தூரத்தில் நின்று கேட்ட சத்தத்தை, கல்லூரி நாட்களுக்குப் பிறகு முதல் தடவையாக அதன் மேலே உட்கார்ந்து கேட்டேன். கீழே வரப்பில் உன் பெரியப்பா நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், பிறகு ரொம்ப அக்கறையாக நாற்றைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நேற்று கவரைப்பேட்டை ஸ்டேஷனில் தெரிந்தவர் ஒருவர் அவரைப் பிடித்துக்கொண்டாராம். "வயசுப் பொண்ணை அம்மாந்தூரம் வேலைக்கு அனுப்பிச்சிட்டிங்களே, லீவு நாள்ல யாரு கொண்டாந்து உடறாங்க?" பக்கத்தில் நின்ற உன் நைனா பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெரியப்பா, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஸ்டேஷனே கேட்கிற மாதிரி சொன்னாராம்: "எங்க ஊட்டுப் பொண்ணை இன்னிவரைக்கும் எவனும் கொண்டாந்து உட்டதில்ல. அவளே வருவா."

இந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ வருகிற நேரத்துக்கு அவர் பம்புசெட்டை நிறுத்திவிடுவார். வா.

உன்
அம்மா